சக்கரத்தைக் கெடுத்த கை

பத்தே முக்கால் மணிக்கு, அன்றைய மூன்றாவது ஜாடியும் கழுத்து வரை வந்து கவிழ்ந்தது.

பட்டறை அக்கா அதை வழித்தெடுக்கவில்லை. சேறு வழியும் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, நின்றுபோன சக்கரத்தையே பார்த்தாள். தட்டு அசையவில்லை. அடியில் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். உறுமலும் அடங்கியது.

“பார்த்தீங்களா? பதினோரு நாளா இதே கதைதான்” என்றாள். “சும்மா ஓட விட்டா பம்பரமா சுத்துது. மண்ணை வெச்சு அழுத்தினா திணறி நின்னுடுது. எலக்ட்ரீசியன் ரெண்டு தடவை வந்தார். வெறும் தட்டைச் சுத்த விட்டுப் பார்த்துட்டு, ‘நல்லாத்தானே இருக்கு, உங்க கையில தெம்பு போச்சா’ன்னு கேட்டுட்டுப் போனார்.”

எதிரே நின்ற இருவரில் உயரமானவர் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அவரை ஊரே லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடும். பதினைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். பாதிப் பழுது இயந்திரத்தில் இல்லை, அதில் ஏறுகிறவர்களிடம்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு துப்பறிவாளராகிவிட்டார். இன்றைக்கும் எட்டாவது மாடியானாலும் படியில்தான் ஏறுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் பயம் என்பார்.

பக்கத்தில் நின்ற பெண் அவருடைய உதவியாளர். பெயர் பட்டாசு. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கும். அதைக் கேட்கக்கூட அவள் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.

“அக்கா, கவலைப்படாதீங்க. எங்க பாஸ் தொட்டா ஓடாதது ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஆபீஸ்” என்றாள் பட்டாசு.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“எனக்கு ரிப்பேர் வேணாம் சார். யாரு கெடுத்தாங்கன்னு தெரியணும்” என்றாள். “என் தம்பி இல்லைன்னு சொல்லுங்க. அவன்தான்னா அதையும் சொல்லிடுங்க. ஒரு மணி பஸ்ல ஊரை விட்டுப் போறானாம். ஏறிட்டான்னா திரும்பி வரமாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது என் பிடிவாதம்தானே.”

விஷயம் இவ்வளவுதான். அக்காவின் கணவர்தான் இந்தப் பட்டறையைத் தொடங்கியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து மாடியே கதி. சக்கரத்தில் அக்கா உட்கார்ந்தாள். மண் பிசைவது, சூளை வைப்பது, சுமப்பது எல்லாம் தம்பி. இருவரிடமும் ஆளுக்கொரு பட்டறைச் சாவி. மூன்றாவது சாவி கிடையாது.

சக்கரம் கெடுவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தம்பியோடு பெரிய சண்டை. இந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அச்சில் வார்க்கும் இயந்திரம் வாங்கலாம் என்றான் அவன். உன் கால் மூட்டு தேய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கத்தினான். நேற்று முன்தினம் மதியம் அவள் எதிர்பாராமல் சீக்கிரம் திரும்பியபோது, சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஸ்பேனரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா செய்கிறாய் என்றால் பதிலில்லை. நீதானா என்றால் அதற்கும் பதிலில்லை. தரையையே பார்த்தான்.

“வெளியே போடா” என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் இன்னும் கசந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து அவன் போனும் அணைந்தே கிடந்தது.

லிஃப்ட்காரர் மண்டியிட்டு சக்கரத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே மோட்டார், அதன் தண்டில் ஒரு சின்ன புல்லி உருளை, அங்கிருந்து தட்டின் அடியில் இருக்கும் பெரிய புல்லிக்கு ஒரு பெல்ட். அவ்வளவுதான் இயந்திரம்.

“பெல்ட் புதுசா இருக்கே?”

“எலக்ட்ரீசியன் மாத்தினார். அப்படியும் அதே கதைதான்.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். மோட்டார் தண்டின் முனையிலிருந்து சின்ன புல்லியின் விளிம்பு வரை நேராக ஒரே கோடு இழுத்தார்.

“இப்ப வெறும் தட்டைச் சுத்துங்க... போதும், நிறுத்துங்க. கோடு எப்படி இருக்கு?”

“நேரா இருக்கு” என்றாள் அக்கா.

“இப்ப மண்ணை வெச்சு அழுத்துங்க.”

அழுத்தினாள். தட்டு திணறி நின்றது. மோட்டார் உறுமியது. காலை எடுத்ததும் குனிந்து பார்த்தாள். கோடு இரண்டாக உடைந்திருந்தது. தண்டில் இருந்த பாதி மேலே நின்றது. புல்லியில் இருந்த பாதி பக்கவாட்டில் போயிருந்தது.

“தண்டு சுத்துது. புல்லி கூடப் போகலை” என்றார் லிஃப்ட்காரர். “ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற குட்டித் திருகு ஒண்ணு இருக்கு. அது தளர்ந்து போச்சு. பாரம் இல்லாதப்ப ஒட்டிக்கிட்டு ஓடும். பாரம் ஏறினா வழுக்கும். உங்க கையில ஒரு குறையும் இல்லை.”

பதினோரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரங்களில் ஒன்று இறங்கியது. கணவரைப் போலத் தன் கையும் போய்க்கொண்டிருக்கிறதோ என்று அவள் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தாள். ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது.

“அது தானா தளருமா?”

“தளராது. ஓடிக்கிட்டு இருக்கிற சக்கரத்தை நிக்க விடாம எதிர்ப்பக்கம் திருப்பினா, ஒவ்வொரு தடவையும் ஒரு உதறல். மேலே போற லிஃப்டை நடுவழியில கீழே திருப்பின மாதிரி. பத்து நாள் அப்படிப் பண்ணினா எந்தத் திருகும் கழண்டுக்கும்.” அவர் சக்கரத்தின் அடியில் இருந்த இரண்டு சுவிட்சுகளைக் காட்டினார். ஒன்றின் இடுக்கெல்லாம் காய்ந்த மண். மற்றது துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. “இந்தப் பளிச்சுன்னு இருக்கிறது எதுக்கு?”

“சுத்துற திசையை மாத்தறதுக்கு. வாங்கின நாள்லேருந்து நாங்க யாரும் தொட்டதில்லை. நானும் அவரும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாத்தான் சுத்துவோம்.”

“தொடாததா இருந்தா மண் அப்பியிருக்கும்; யாரோ தினமும் தொட்டுத் துடைக்கறாங்க.”

அக்கா அந்தச் சுவிட்சை விரலால் தொட்டாள். “அப்ப... அவன்தானா? வேணும்னே உதற விட்டு உடைக்கப் பார்த்தானா?”

“பாஸ், நீங்க ஆறுதல் சொல்ற அழகே தனி” என்றாள் பட்டாசு. “அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா? வேலை முடியறதுக்கு முன்னாடியே இவர் பயமுறுத்திடுவார். இது பாதிதான்.”

அவள் சொன்னது சரி. லிஃப்ட்காரர் அதற்குள் மூலையில் இருந்த பெரிய மண் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கை விட்டிருந்தார். கோணலாகிப்போனது, கவிழ்ந்தது எல்லாவற்றையும் அதில் போட்டு ஊறவைத்து மறுபடி பிசைவது பட்டறை வழக்கம். மண்ணை யாரும் குப்பையில் போடுவதில்லை. அவர் முழங்கை வரை நனைந்து, இன்னும் முழுதாகக் கரையாத ஒரு பாதிக் கிண்ணத்தை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

“இது நீங்க பண்ணினதா?”

“நானா?” அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஜாடியைத் தவிர நான் ஒரு மாசமா எதுவும் பண்ணலை. இப்படிப் பண்ணவும் மாட்டேன்.”

“உள்ளே விரல் பட்ட வரி எந்தப் பக்கமா ஏறுது, பாருங்க.”

அவள் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பாத்திரத்தின் உள்ளேயும் விரல் ஏறிய தடம் படிக்கட்டு போலச் சுற்றிச் சுற்றிப் போகும். அவளுடையதில் வலப்புறமாக ஏறும். கணவருடைய பழைய பாத்திரங்களிலும் அப்படித்தான். இதில் இடப்புறமாக ஏறியது.

“சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கு” என்றாள் மெதுவாக. “இடதுகைக்காரங்கதான் அப்படிச் சுத்துவாங்க.”

“உங்க தம்பி?”

“அவனுக்கு வலதுகைதான். சக்கரத்துல உக்காரவே வராது. சூளைதான் அவன் வேலை.”

“அப்ப வேற யாரோ இங்க வந்து உக்காந்திருக்காங்க. உடைக்க வந்தவன் உடைச்சதை ரோட்டுல வீசுவான். இவங்க மண்ணை மதிச்சுத் தொட்டியில போட்டிருக்காங்க.” அவர் கையைத் துடைத்தார். “நான் மாடிக்குப் போய் உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை பார்த்துட்டு வரேன்.”

“அவருக்கு எதுவும் தெரியாது சார். தம்பி போனதைக்கூடச் சொல்லலை. மண் எடுக்கப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

போனார். இரண்டே நிமிடத்தில் திரும்பினார். பட்டறை மூலையிலிருந்து மாடிக்குப் போகும் பதினெட்டுப் படிகளையும் அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கியதை அக்கா கவனித்தாள்.

“இந்தப் படியை யாரு கூட்டறது? நடுவுல மட்டும் தூசி இல்லையே?”

“யாரும் கூட்டலை. எனக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது?”

“உங்க வீட்டுக்காரர் எனக்குக் கை கொடுக்கலை. இந்தப் புழுக்கத்துலயும் இடது கையைப் போர்வைக்குள்ளேயே வெச்சிருந்தார்.”

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணி பதினொன்றே முக்கால் என்பது மட்டுமே அவள் கண்ணில் தெரிந்தது. “தினமும் மதியம் நீங்க எங்கே இருப்பீங்க?” என்று அவர் கேட்டதற்கு, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை பக்கத்துத் தெருப் பள்ளியில் களிமண் வகுப்பு என்று எந்திரம் போலப் பதில் சொன்னாள்.

லிஃப்ட்காரர் ஒரு சின்ன வளைந்த திருகுச்சாவியால் அந்தத் திருகை இறுக்கி மூடியை மாட்டினார். பிறகு பட்டாசுவின் காதில் ஏதோ சொன்னார்.

“பஸ் நிறுத்தத்துலயா? அவரைப் போக விடாமப் பேசிக்கிட்டே இருக்கணுமா?” பட்டாசுவின் முகம் மலர்ந்தது. “பாஸ், ஆறு வருஷமா வாயை மூடு, வாயை மூடுன்னீங்க. இப்பத்தான் என் அருமை தெரிஞ்சுது!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பன்னிரண்டுக்கு, அவர் சொன்னபடியே அக்கா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வகுப்புக்குப் போய்ட்டு வந்துடறேங்க!” வாசல் கதவை உள்ளே நின்றபடியே ஓங்கிச் சாத்தினாள். இருவரும் மண் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்ப் பலகைக் கதவை ஒருக்களித்தார்கள். அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை. பலகை இடுக்கில் சக்கரமும் சுவர்க் கடிகாரமும் தெரிந்தன.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இங்கே நிற்கும் நேரத்தில் ஓடிப்போய்த் தம்பியின் காலில் விழுந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொப்.

யாரோ நடந்து இறங்கும் சத்தம் இல்லை அது. அக்கா இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அவள் கணவர் படியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் விழுந்தாற்போல உட்கார்ந்தார். தொப். வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. பதினெட்டுப் படிகளின் நடுவிலும் தூசி ஏன் துடைபட்டிருந்தது என்று இப்போது புரிந்தது. புரிந்த வேகத்தில் அவள் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவர் மடியில் கிடத்திக் கொண்டுவந்த கைத்தடியை ஊன்றிச் சக்கரத்துக்கு வந்தார். பெடலைக் காலால் தள்ளி இடப்பக்கம் கொண்டுவந்தார். திசை சுவிட்சை மாற்றினார். ஒரு பிடி மண்ணை, இடது கையாலேயே தட்டின் நடுவில் ஓங்கி அறைந்தார். விழுந்த வலது கையை எடுத்து, ஒரு சாமானை வைப்பது மாதிரி, மண்ணின் ஓரத்தில் முட்டுக் கொடுத்தார்.

சக்கரம் சுற்றியது. இன்று அது திணறவில்லை. அவர் நிமிர்ந்து அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

லிஃப்ட்காரரின் கையில் போன் ஒளிர்ந்தது. பட்டாசு: “வந்துட்டார். பேசிக்கிட்டிருக்கேன். மூணு தடவை இடம் மாறி உக்காந்தார். நானும் மாறினேன்.”

அக்கா அந்தப் போனைப் பிடுங்கினாள். “அவன் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, வரச் சொல்லு” என்று எழுதப் பார்த்தாள். மண் காய்ந்து ஒட்டிய விரலைத் திரை மதிக்கவேயில்லை. லிஃப்ட்காரர் வாங்கி எழுதினார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பதில் வந்தது. “சொன்னேன். நம்ப மாட்டேங்கறார். அக்கா வாயால சொன்னாத்தான் ஆச்சாம். என் போன்ல பேசட்டும்கறார். பஸ் வந்து நிக்குது.”

லிஃப்ட்காரர் போனை அவளிடம் நீட்டினார்.

அவள் இடுக்கில் பார்த்தாள். கிண்ணத்தின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் உள்ளே ஏறிக்கொண்டிருந்தன. அவர் மூச்சையே நிறுத்தியிருந்தார். இந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டால் விரல் அதிரும். விரல் அதிர்ந்தால் சுவர் போய்விடும். இருபது வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு அது தெரியாதா? அவர் மறுபடி இந்தப் படிகளில் இறங்குவாரா என்பதும் அப்புறம் சந்தேகம்தான்.

தம்பியா, கிண்ணமா? இப்படி ஒரு கேள்வி எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. கண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதில் ஏதோ எழுதி அனுப்பினார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஆனது. பிறகு ஒன்று இரண்டு. போன் ஒளிரவில்லை. போய்விட்டான். அவள் கையாலேயே அவனை அனுப்பிவிட்டாள்.

ஒன்று ஐந்துக்குக் கணவர் விரலை வெளியே எடுத்தார். சக்கரத்தின் நடுவில் ஒரு கிண்ணம் இருந்தது. சின்னதுதான். விளிம்பு லேசாக அலைந்தது. ஆனால் கிண்ணம். அவர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்றரைக்குள் பதினெட்டுப் படி ஏறியாக வேண்டும். பதறிப்போய், தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சுவிட்சைத் திருப்பக் கை நீட்டினார்.

“சக்கரம் நிக்கட்டும்! அப்புறம் மாத்துங்க!”

கத்தியது தான்தான் என்று அக்காவுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

அவர் கை அந்தரத்தில் நின்றது. தட்டு மெல்லச் சுற்றி ஓய்ந்தது. பிறகுதான் அவர் திரும்பினார். கதவோரம் நின்றவளைப் பார்த்தார். திருட்டில் பிடிபட்டவன் முகம் அவருக்கு.

“நீ... வகுப்புக்குப் போகலையா?” அவருக்குப் பேச்சு இன்னும் இழுத்து இழுத்துத்தான் வரும். “ஒண்ணாவது நேரா வரட்டும்னு பார்த்தேன். அதுக்கு முன்னாடி பார்த்தா, நீ பாவம்னு சொல்லிடுவே. அதைத் தாங்க முடியாது.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“ஒரு நாள் பார்த்துட்டான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். சக்கரம் திணறுதுன்னு சொன்னேன். நான் சரி பண்ணிடறேன் மாமான்னு சொன்னான். மண் எடுத்துட்டு எப்ப வரான்?”

“ஸ்பேனர் அதுக்குத்தான்” என்றார் லிஃப்ட்காரர் பின்னாலிருந்து. “பாவம், பெல்ட்டை முறுக்கிக்கிட்டு இருந்திருக்கார். திருகு அவர் கண்ணுல படலை.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவன் மண் எடுக்கப் போகலைங்க. நான்தான் வெளியே போடான்னு சொல்லிட்டேன். பஸ் போயிடுச்சு.”

கணவர் கைத்தடியைத் தேடி எழுந்திருக்கப் பார்த்தார்.

போன் அடித்தது. லிஃப்ட்காரர் அதை அவள் காதிலேயே வைத்தார்.

“அக்கா, பஸ் போயிடுச்சு” என்றாள் பட்டாசு. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவள் மெதுவாகப் பேசினாள். “நானும் ஏறித்தான் பார்த்தேன். அக்கா போன் பண்ணலை, அதான் சங்கதின்னு சன்னலைப் பார்த்து உக்காந்துட்டார். அக்கா மண் அறையில இருக்காங்க, மாமா சக்கரத்துல கிண்ணம் எழுப்பறாராம், பேசினா கெட்டுப்போயிடுமாம், அதான் பேசலைன்னு சொன்னேன். ‘அப்ப பேசக் கூடாது’ன்னு சொல்லி பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த திருப்பத்துல இறங்கிட்டார். நடந்து வந்துக்கிட்டிருக்கோம். இருங்க, தரேன்.”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“அக்கா” என்றான் தம்பி. “மாமாவுக்குக் கிண்ணம் வந்துடுச்சா?”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். கணவர் இடது கையால் அந்தக் கிண்ணத்துக்கு அணை கொடுத்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துடுச்சுடா” என்றாள். “நீ வீட்டுக்கு வா. சூளை உனக்குத்தானே வைக்கத் தெரியும்.”